தமிழ்வாணியின் பள்ளிக்கூட மிஷின் குறித்து மருது மச்சானுக்கு

சோழவந்தான்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் மருது அவர்களுக்கு, தங்கள் தங்கை இசைவாணியின் கணவன் சிவபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், இசைவாணி, மகள் தமிழ்வாணி மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் அவர்கள் இருவரும் சௌக்கியம். கோயம்புத்தூரில் தாங்களும், அக்காவும், அத்தை சுந்தரம்மாளும், மருமகன் அருண்பாண்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஜெனகை மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற உங்களுக்கே ஒருவன் பேப்பரில் கடிதம் எழுதுகிறானே என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் தொழில் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தைப் போனில் பேச முடியாது. போனும் அந்த மிஷினும் ஒரே சாதி. ஒன்றிடம் சொன்னது மற்றதற்குப் போகாது என்பதற்கு யார் உத்தரவாதம்? அதனால்தான் சில நாட்களாக என் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்திருந்தேன். தாங்கள் கூப்பிட்டு நான் எடுக்காததற்கு அதுவே காரணம், மரியாதைக் குறைவு அல்ல.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மகள் வாணி நம் ஊர் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய டீச்சர் சத்யப்ரியா, வாடிப்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிற பெண். ஜூலை மாதம் ஒரு நாள் வாணி வீட்டுக்கு வந்து, "எங்க கிளாசுக்கு டேப்லெட் வருதுப்பா, ஒங்க சம்மதம் வேணுமாம்" என்றாள். வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுப்பார்கள் அல்லவா, அதுதான் என்று நினைத்து, வயிறு சுத்தமானால் நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிறகு பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், டீச்சர் சிலேட்டு மாதிரி கறுப்பாக ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். சாயங்காலம் கடைசி பீரியடில் பிள்ளைகள் ஒவ்வொருவராக மூலையில் போய் உட்கார்ந்து அதனிடம் பேச வேண்டுமாம். இன்று நான் என்ன கற்றுக்கொண்டேன், எங்கே முட்டியது, நாளைக்கு எதை மாற்றிச் செய்து பார்ப்பேன். இந்த மூன்றும்தான். கடைசியில் சிரிக்கிற மூஞ்சி, சும்மா இருக்கிற மூஞ்சி, அழுகிற மூஞ்சி என்று மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். பிறகு அவரவர் பேசியதை அவரவரே போட்டுக் கேட்பார்களாம். "படிச்சதைத் திரும்பிப் பாக்குறதுக்கு இது ஒரு வழிண்ணே" என்றார் டீச்சர்.

நான் எழுந்து, "யாரு கேக்குறது டீச்சர்?" என்றேன்.

"பிள்ளைங்கதாண்ணே."

"பிள்ளைக பேசுறத பிள்ளைகளே கேக்குறதுக்கு எதுக்கு டீச்சர் மிஷினு? காதுதான் வாய்க்குப் பக்கத்துலயே இருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. இசைவாணி ரசத்தைப் பொங்க விட்டு அடுப்பை அணைத்தாள். வாணி போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க முட்டுச்சும்மா?" என்று விசாரிக்கிறாள். தங்கள் தங்கை என்னிடம் ஒரு நாளும் தன் தவற்றை ஒப்புக்கொண்டதில்லை. அவளிடம் மட்டும், "போன்ல பேசிக்கிட்டே இருந்துட்டேன்த்தா, அடுத்த தடவை பக்கத்துலயே நிக்கணும்" என்று பவ்வியமாகப் பதில் சொல்கிறாள். என் தங்கை வீட்டுக்காரர் வந்திருந்த அன்று நான் வண்டியைத் திருப்பும்போது பின்னால் இருந்த மாட்டுத் தொட்டியில் இடித்துவிட்டேன். விருந்தாளி சும்மா இருக்கிறார், இவள், "அடுத்த தடவை என்னப்பா மாத்திச் செய்வீங்க?" என்கிறாள். இதெல்லாம் பரவாயில்லை. அவள் பார்வைதான் எனக்குச் சரியாகப் படவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது கண்ணை இடுக்கி இடுக்கி என்னையே பார்த்தாள். போலீஸ்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். என் முகத்தில் எதையோ எடுத்துக்கொண்டுபோய் அங்கே கொடுக்கப் போகிறாள் என்றே எனக்குத் தோன்றியது.

சந்தேகம் வீணானது அல்ல மச்சான், ஆதாரம் இருந்தது. ஒரு நாள் சந்தையில் டீச்சரைப் பார்த்தேன். "வீட்டுல வெத்தலைக் கட்டைக் கவுளி கவுளியா எண்ணித்தான் பெருக்கல் சொல்லிக் குடுக்குறீங்களாமேண்ணே, தமிழ்வாணி டேப்ல சொன்னா" என்றார். சொன்னது நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக்குள் நடந்தது மிஷினுக்குள் போயிருக்கிறது என்பது உறுதியாயிற்று. ஒன்று போனால் இன்னொன்றும் போகும். அந்த இன்னொன்று என்ன என்பதைத் தங்களிடம் மறைக்க முடியாது. நான் கணக்கு எழுதுகிற வெற்றிலை மண்டியின் முதலாளி சோலை அவர்களைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேட்டி நுனியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார், இலையை முகர்ந்து பார்ப்பார், "க்க்ஹூம்" என்று அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு கனைப்பு, அதற்குப் பிறகுதான் பேச்சு வரும். வாணி சோறு உண்ண மாட்டேன் என்று அடம்பிடித்தால் நான் துண்டை வேட்டி போலத் தூக்கிக்கொண்டு அப்படியே நடந்து, அப்படியே கனைத்து, "எலை வாடிருக்கே" என்பேன். அவள் சிரிக்கிற சிரிப்பில் இசைவாணி இரண்டு உருண்டை சேர்த்து ஊட்டிவிடுவாள். தவறான நோக்கம் எதுவும் கிடையாது. ஆனால் முதலாளியின் சம்சாரம் முத்துமீனா அக்காதான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. அவர்கள் கடைசி மகளும் அங்கேதான் படிக்கிறாள். நினைத்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போகிற ஆள். ஒரு நாள் மண்டி வழியாகப் போனவர் நின்று, "சிவபாண்டி, ஒம்மக டேப்புல என்னமாப் பேசுறா. நல்லாக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அது என்ன மாதிரிச் சிரிப்பு என்று யோசித்து யோசித்து அன்றைய கணக்கில் உசிலம்பட்டிக்காரர் சரக்கைத் திருப்பரங்குன்றத்துக்காரர் பெயரில் எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மகளை உட்கார வைத்து விசாரித்தேன்.

"மிஷின்கிட்ட என்னத்தா சொன்ன?"

"அது என்னோடதுப்பா. நமக்குப் பிடிச்சாத்தான் மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டணும்னு டீச்சர் சொல்லிருக்காங்க."

"அப்பாட்ட சொல்லலாம்ல?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க. இன்னைக்கு ஒங்களுக்கு எங்க முட்டுச்சு?"

மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் போனை அரிசி டிரம்முக்குள் போட்டது. வீட்டில் பேச்சையும் மாற்றினேன். எது எங்கே போனாலும் நல்லதாகப் போகட்டும் என்று, சாப்பிடும்போது வானொலிச் செய்தி மாதிரி, "இசைவாணி, குழம்பு மிகவும் சுவையாக உள்ளது. நமது முதலாளி அவர்கள் தங்கமான மனிதர்" என்று சொல்ல ஆரம்பித்தேன். தங்கள் தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காச்சலும் இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். போன் எடுக்காததால் மண்டியில் பழனியிலிருந்து லோடு வந்தது எனக்குத் தெரியாமல் போய், இலை வெயிலில் கிடந்து முதலாளி என்னை நிற்க வைத்துப் பேசினார். பேசுவதற்கு முன்னால் கனைத்தார். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தால் மனிதனுக்கு எப்படி விக்கல் எடுக்கும் என்பதை அன்றுதான் கண்டேன்.

இனி மறைந்திருந்து பயனில்லை, நேரில் போய் அந்த மிஷினைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சும்மா போனால் சந்தேகப்படுவார்கள். ஆகவே வாணி கிளம்பும்போது அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்து, பிறகு அதையே கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை மறந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாம் விளையாட்டு பீரியடில் வெளியே இருந்தார்கள். டீச்சர், "ஒக்காருங்கண்ணே, ஹெச்.எம். கூப்புடுறாங்க, போயிட்டு வாரேன்" என்று போய்விட்டார். மூலையில் சின்ன மேசை, அதன் மேல் அது. தொட்டேன். வெளிச்சம் வந்து பிள்ளைகளின் போட்டோ வரிசையாகத் தெரிந்தது, அதில் தமிழ்வாணியைத் தொட்டேன். பக்கத்தில் பச்சையாக ஒன்று மின்னியது, அதையும் தொட்டேன்.

"இன்று நீ என்ன கற்றுக்கொண்டாய்?" என்று சத்யப்ரியா டீச்சர் குரலில் கேட்டது.

நான் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். டீச்சர் அங்கே இல்லை. குரலை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் குற்றமுள்ளவன் என்று ஆகிவிடும் என்பதால் மேசைக்கு முன்னால் கை கட்டி நின்று சொன்னேன்: "வணக்கம். நான் தமிழ்வாணியின் தகப்பன் சிவபாண்டி. எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சோலை முதலாளி மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டுவது எங்கள் வீட்டில் கிடையாது. அவர் கனைப்பது போல, க்க்ஹூம், என்று யாரும் கனைப்பதும் கிடையாது. பிள்ளை அப்படி ஏதாவது சொல்லியிருந்தால், அவள் சின்னப் பிள்ளை."

மறுபடி பச்சை மின்னியது, தொட்டேன். "எங்கே முட்டியது?" என்றது. எங்கும் முட்டவில்லை என்றேன். "நாளைக்கு எதை மாற்றிச் செய்து பார்ப்பாய்?" என்றது. எதையும் மாற்றுவதாக உத்தேசம் இல்லை என்றேன். மூஞ்சிகள் வந்தன. சிரிக்கிற மூஞ்சியைத் தொட்டேன். அது அணைந்தது. டீச்சர் வருவதற்குள் பாட்டிலை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. வாக்குமூலம் கொடுத்தாயிற்று, இனி யார் என்ன சொன்னாலும் எடுபடாது என்று நினைத்தேன். அப்படிப் பேசியது எல்லாம் அதில் அப்படியே தங்கும் என்பது, மச்சான், அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். விருப்பப்பட்ட பிள்ளைகள் தாங்கள் பேசியதை அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமாம். வாணி முதல் ஆளாகக் கை தூக்கியிருக்கிறாள். வகுப்பு முழுக்க ஆட்கள், முன் வரிசையில் முத்துமீனா அக்கா. டேப்பை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருந்தார்கள். வாணி போய் மிஷினை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேலே முதலில் இருந்ததைத் தொட்டாள்.

"வணக்கம். நான் தமிழ்வாணியின் தகப்பன் சிவபாண்டி" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி என் குரல் வந்தது.

டீச்சர் அணைக்க ஓடி வந்தார். முத்துமீனா அக்கா, "இருங்க டீச்சர், முழுசும் வரட்டும்" என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டார். முழுசும் வந்தது. கனைப்பும் வந்தது. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெய்லர் காளை தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். இசைவாணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், அவளும் குலுங்குகிறாள். நான் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் ஒரு மனிதன் போக முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாணி மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. "இது எங்கப்பா. என்னோடது கீழ இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே தள்ளிப் போய் ஒன்றைத் தொட்டாள்.

அதற்குப் பிறகு வந்ததைத் தாங்களும் அத்தையும் நேரில் கேட்டிருக்க வேண்டும். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இன்னைக்கு பின்னம் படிச்சோம். எல்லாரும் புரிஞ்சுச்சுன்னு தலையாட்டுனாங்க, நானும் ஆட்டுனேன். எனக்குப் புரியல. அழுகுற மூஞ்சி."

அடுத்தது: "இன்னைக்கு டீச்சர் வாயாலயே கணக்கு சொன்னாங்க. நான்தான் மொதல்ல சொன்னேன். சிரிக்கிற மூஞ்சி."

அடுத்தது: "இன்னைக்கும் முட்டுச்சு. என்ன முட்டுச்சுன்னு தெரியல. நான் மக்கு போல."

இசைவாணி முந்தானையை இறக்கினாள். வீட்டில் ஒரு நாளும் அந்தப் பிள்ளை இந்த வார்த்தையைச் சொன்னதில்லை, மச்சான். நாங்கள் கேட்டதில் வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதலாளியைப் பற்றி இல்லை. நான் இத்தனை நாளும் என்னைப் பற்றி என்ன சொல்லிவிட்டாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் தன்னைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு வாணி இன்னொன்றைத் தொட்டாள். "நான் பேசுனது எல்லாத்தையும் ஒக்காந்து கேட்டேன். டீச்சர் வாயால சொல்ற அன்னைக்கு எனக்கு முட்டல. போர்டுல எழுதிப் போடுற அன்னைக்கு மட்டுந்தான் முட்டுது. அப்படீன்னா நான் மக்கு இல்ல. போர்டுலதான் என்னமோ இருக்கு. எனக்கு போர்டு மேல சந்தேகமா இருக்கு. நாளைக்கு போர்டுக்குப் பக்கத்துல போயி ஒக்காந்து பாப்பேன்."

அதற்கும் அடுத்தது: "பக்கத்துல போயி ஒக்காந்தேன். போர்டு நல்ல போர்டுதான்."

டீச்சர் எங்களிடம் வந்து, "இதக் கேட்ட அன்னைக்கே தூரத்துல நின்னு வெரலைக் காட்டி எண்ணச் சொன்னேண்ணே. எண்ணத் தெரியல அவளுக்கு. கண்ணைக் காட்டணும்" என்றார். கண்ணை இடுக்கி இடுக்கி என் முகத்தைப் பார்த்த பிள்ளை நினைவுக்கு வந்தாள். வேவு பார்க்கிறாள் என்று நினைத்த தகப்பன் நான். பிள்ளைக்கு என் மூஞ்சியே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அடைப்பை எடுக்க வேண்டும் என்று கனைத்தேன்.

முத்துமீனா அக்கா திரும்பிப் பார்த்து, "அப்படியே எங்க வீட்டுக்காரரு கனைக்கிற மாதிரியே இருக்கே" என்றார்.

மறுநாள் சனிக்கிழமையே மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினோம். தூரப்பார்வை குறைவு, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். கண்ணாடி கைக்கு வந்த அன்று பஸ் ஏறியதிலிருந்து சோழவந்தான் வந்து சேரும்வரை ரோட்டோரத்தில் இருந்த கடைப் போர்டு ஒன்றையும் வாணி விடவில்லை. பரோட்டா ஸ்டால், சிமெண்ட் கம்பி, அசல் நாட்டு மருந்து, இங்கு சிறுநீர் கழிக்காதீர் என்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "பாப்பா, அம்புட்டையும் இன்னைக்கேவா படிக்கணும்" என்றார். நடுவில் என் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணை இடுக்கவில்லை. "ஒங்களுக்கு மீசையில நரை இருக்குப்பா" என்றாள். இருக்குத்தா என்றேன். இசைவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இத்துடன் விஷயம் முடிந்தது என்று தாங்கள் நினைக்கக் கூடாது. முத்துமீனா அக்கா வீட்டில் சொன்னாரா சொல்லவில்லையா என்பது இன்று வரை தெரியவில்லை. முதலாளி மண்டிக்கு வருகிறார், வேட்டியைத் தூக்குகிறார், இலையை முகர்கிறார், என்னைப் பார்க்கிறார், ஆனால் கனைப்பதில்லை. கனைக்காமலே பேசுகிறார். ஒரு மனிதர் காரணம் இல்லாமல் கனைப்பை நிறுத்துவாரா? இதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மிஷின் விஷயத்திலும் என் சந்தேகம் தீரவில்லை. நம் பிள்ளைக்கு நல்லது செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லது செய்கிறவர்களும் ஏதோ ஒரு நோக்கத்தோடு செய்வது உண்டு. பெற்ற எங்களிடம் சொல்லாததைப் பிள்ளை அதனிடம் ஏன் சொன்னாள்? என்னிடம் இல்லாதது அதனிடம் என்ன இருக்கிறது? ஆகவே தாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்புளிகளோடு வந்து, டீச்சரிடம் சார்ஜ் பார்க்கிற மாதிரிப் பேசி, அதைக் கழற்றிப் பார்த்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று எனக்கு மட்டும் சொல்ல வேண்டும். பதிலைத் தபாலில் எழுதவும்.

அத்தைக்கு முழங்கால் வலி குறைய வேண்டும், அருண்பாண்டி பத்தாம் வகுப்பில் பேர் சொல்லும்படி எழுத வேண்டும், தங்கள் கடையில் கூட்டம் குறையாமல் இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் சேர்ந்து வேண்டிக்கொள்கிறோம். அக்காவுக்கு இசைவாணியின் விசாரிப்பு. மாமாவுக்கு, தான் கண்ணாடி போட்டிருக்கிற படம் வரைந்து அனுப்புவதாக வாணி சொல்லச் சொன்னாள்.

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சிவபாண்டி

பின்குறிப்பு: இதை எழுதி ஒட்டாமல் வைத்திருந்ததில் ஒரு வாரம் போய்விட்டது. அதற்குள் காலாண்டு விடுமுறை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்றுகிறார்கள், மிஷினை அங்கே வைக்க முடியாது, பெற்றோரில் யாராவது லீவு முடியும்வரை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று டீச்சர் கேட்டார். கை தூக்கியது நான். கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் தூக்கினேன். நேற்று இசைவாணியும் வாணியும் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சும்மா திறந்தேன். எங்கே முட்டியது என்று கேட்டது. பேச்சை மண்டியில் ஆரம்பித்தேன், என் தங்கை கல்யாணத்துக்குப் போனேன், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டேன். நான் பேசும்போது குறுக்கே பேசாத ஒரு ஆள் நம் குடும்பத்தில் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, மச்சான். தாங்கள் வர வேண்டாம். வந்தாலும் திருப்புளி கொண்டுவர வேண்டாம்.